பேய்க்கு ஒரு துபாஷி

என் தங்கையைப் பிடித்த பேய்க்குத் தமிழ் தெரியவில்லை. அதனால் அதன் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி தேடி, என் அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ரங்கூன் துறைமுகம் முழுக்க அலைந்தார். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் உச்சிப்பொழுதில் வீடு சத்தமில்லாமல் கிடக்கும்போது பக்கத்து அறையில் ஒரு குழந்தை இருமினால், இன்றைக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ஆற்றிலிருந்து இரண்டாவது தெருவில், ஒரு மரக் கட்டடத்தின் மாடியில், ஒரே அறையில் இருந்தோம். அப்பா கப்பல் அணையும் ஜெட்டியில் கிரேன் ஓட்டினார். அம்மா பயறு கிட்டங்கியில் புடைக்கப் போவாள். எங்கள் மாடியில் எங்களைத் தவிர ஒரு தெலுங்குக் குடும்பம், இரண்டு ஒரியா சமையல்காரர்கள், சம்பான் படகு தள்ளும் சிட்டகாங்குக்காரர்கள் நாலு பேர். எதிரே மீன்சாற்று இடியாப்பமான மொஹிங்கா விற்ற பர்மாக்கார அம்மாளுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வந்த அத்தனை பேரும் அவளுக்குக் கலா, பேசுவது ஒரே கலாப் பேச்சு என்று நினைத்திருந்தாள். தெலுங்குக்காரர் வீட்டில் என்ன சண்டை என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டாள். தெரியாது என்று அம்மா சொன்னதை அவள் நம்பவில்லை. மறைக்கிறாள் என்று நினைத்து ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் தங்கைக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. காது கேட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதைச் செய்வாள், அழுவாள். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா வசம்பைச் சுட்டு உரைத்து அவள் நாக்கில் தடவாத வெள்ளிக்கிழமை கிடையாது. தடவிவிட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்து, அம்மா, அம்மா என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். தங்கை அம்மாவின் உதடுகளை உற்றுப் பார்ப்பாள். பிறகு தன் சின்ன விரல்களால் அந்த உதடுகளை மூடிவிடுவாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கு விட்டுவிடும். தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து தங்கையை அழைத்து வந்து, சோறு போட்டு, நாலு மணிக்கு அம்மா திரும்பும் வரை பார்த்துக்கொள்வது என் வேலை. ஆனால் மழைக்காலத்தில் ஆறு பெருகி, ஜெட்டியின் கால்களுக்கிடையில் கெளுத்தி மீன் ஏறி வரும். கூட்டாளிகள் தெருவில் நின்று சீட்டி அடிப்பார்கள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஒரு நொடி கண்ணை எடுத்தால் தண்ணீரில் இறங்கிவிடுவாள்.

கீழ்த்தளம் முழுவதும் ஒரு மரைக்காயர் நடத்திய லாட்ஜ். ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே தங்குவார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் அந்த மழைக்காலத்தில் ஒரு சீதி படுத்திருந்தார். கப்பலின் அடிவயிற்றில் நின்று உலைக்குக் கரி தள்ளும் ஆப்பிரிக்கர்களைத் துறைமுகத்தில் சீதி என்றுதான் சொல்வார்கள். நெஞ்சில் நோய் என்று கப்பல் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மரைக்காயர் இந்துஸ்தானியில் பேசிப் பார்த்தார், அரபியில் பேசிப் பார்த்தார். கப்பல் வேலைக்கு வேண்டிய நாலைந்து வார்த்தைகளைத் தவிர அந்த மனிதருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. அந்த இருமல் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று அம்மா எங்களைக் கண்டித்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் தங்கையைப் படியில் உட்கார வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன். அவள் அழுதாள். படிக்கு அடியிலிருந்து ஒரு குரல் ஏதோ சொன்னது. அழுகை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி, தரையில் கரித்துண்டால் ஆடுகளாக வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, போ என்பது போலத் தலையை ஆட்டினார். நான் போனேன்.

அதன் பிறகு தினமும் போனேன். மழைக்காலம் முழுவதும், நடுப்பகலில் தங்கையை அந்த அறையின் வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு ஓடுவேன். மரைக்காயர் அந்த நேரத்தில் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கத் துறைமுகம் போயிருப்பார், யாரும் பார்க்கமாட்டார்கள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மீன் வாடையோடு திரும்பி வருவேன். அவள் அதே படியில் இருப்பாள். அவர் அவளை ஒரு நாளும் உள்ளே அழைத்ததில்லை. படுத்த இடத்திலிருந்தே பேசிக்கொண்டிருப்பார். தணிந்த குரல். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு மழை பெய்வது போல இருக்கும். நடுநடுவே இருமுவார். என்னைக் கண்டதும் என்னைக் காட்டி அவளிடம் எதையோ சொல்லிச் சிரிப்பார். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவள் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சொல்கூட இல்லை.

மழை விட்ட வாரத்தில் அவரை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் மௌத்தாகிவிட்டதாக மரைக்காயர் வந்து சொன்னார். என்ன மதம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருந்ததில்லை. அதனால் தன் மதமாகவே வைத்து, தொழுகை நடத்தி, அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். தரையில் இருந்த ஆடுகளும் போயின.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை பேசினாள்.

குழந்தைகள் முதன்முதலில் உளறுவது போல இல்லை அது. நீளமாக ஒரு வாக்கியம். பிறகு ஒரு இருமல். பிறகு சின்னதாக ஒரு வாக்கியம். அவளுடைய குரல்தான், ஆனால் அதை எங்கேயோ கீழே இறக்கி வைத்துப் பேசினாள். அம்மா சீப்போடு எழுந்து ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "ஏங்க, புள்ள பேசுதுங்க" என்று அப்பாவை உலுக்கினாள். அப்பா எழுந்து உட்கார்ந்தார். தங்கை மறுபடியும் சொன்னாள். அதே வாக்கியம், அதே இடத்தில் அதே இருமல். சளி இல்லாத வெறும் இருமல். பேச்சில் அதுவும் ஒரு சொல் என்பது போல இருமினாள். மூன்றாவது முறையும் சொன்னாள். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட அவள் மறந்துபோயிருந்தாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மரைக்காயர் வந்து வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "தங்கச்சி, கீழ அந்த ரூம்லதான் யாரும் இல்லியே. நான் இப்ப யார் பேச்சைக் கேட்டேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா தங்கையைக் காட்டினார். மரைக்காயர் அவளைப் பார்த்தார். பிறகு படி இறங்கிப் போய்விட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் உச்சி வேளையில் அவள் பேசினாள். மற்ற நேரங்களில் பழையபடி ஊமை. வெயில் ஜன்னல் கட்டையைத் தொட்டதும் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆள் இல்லாத தெருவிடம் சொல்வாள். இருமுவாள். மறுபடியும் சொல்வாள். கிட்டே போனால் நம்மைத் தாண்டிப் பார்ப்பாள். சமையல்காரர்கள் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு ஜெட்டியில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். மொஹிங்கா அம்மாள் இது ஆவிதான் என்று சொல்லி எங்கள் வாசலில் ஒரு தேங்காயைக் கட்டிவிட்டுப் போனாள். செத்துப்போன சீதி பிள்ளையைப் பிடித்துக்கொண்டான் என்பதில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றும். அப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை வாய் திறக்காதவள், அவர் செத்த எட்டாம் நாள் அவருடைய இருமலோடு பேசுகிறாள். நானும் பேய் என்றுதான் நம்பினேன். மற்றவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், அது எப்படி உள்ளே வந்தது என்பது எனக்குத் தெரியும். நான்தான் தினமும் அவளைக் கொண்டுபோய் அதன் வாசலில் உட்கார வைத்தேன். அவள் இருமும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

அப்பா ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். அவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். செவ்வாய், வெள்ளி, அமாவாசைகளில் மட்டும் உடுக்கை எடுப்பார். பக்கத்து ஊரான இன்சீன் வரைக்கும் போய்ப் பேய் இறக்கிவிட்டு வருபவர் என்று பெயர். திருநீறு போட்டு, உடுக்கை அடித்து, நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், உனக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். தங்கை அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தெலுங்கில் கேட்டார். இந்துஸ்தானியில் கேட்டார். பிறகு, கேட்கவே வெட்கப்பட்டவர் போல, பர்மிய மொழியிலும் கேட்டுப் பார்த்தார். அவள் தன் வாக்கியத்தைச் சொன்னாள். இருமினாள்.

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். "பேரு சொன்னாத்தான் நான் எறக்க முடியும். நான் கேக்குறது அதுக்குப் புரியல, அது சொல்றது எனக்குப் புரியல. அது பாஷை தெரிஞ்ச ஆளு ஒருத்தனைக் கூட்டியாங்க. நான் கேக்குறதை அவன் கேட்டுச் சொல்லட்டும்" என்றார். வருகிற அமாவாசைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் சூடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். மஞ்சள் கொம்பைத் தணலில் சுட்டு அடிவயிற்றில் மூன்று இடத்தில் வைப்பார்களாம். அதற்குப் பாஷை தேவையில்லை என்றார். அம்மா தங்கையின் சட்டையை இழுத்து விட்டு வயிற்றை மூடினாள். அமாவாசைக்கு மூன்று வாரம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு சீதிகளை அழைத்து வந்தார். அவ்வளவு உயரமான மனிதர்கள் எங்கள் அறைக்குள் வந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றார்கள். இந்துஸ்தானி தெரிந்தவர்கள். அவர்கள் சொன்னதை மரைக்காயர் தமிழில் சொன்னார். ஒருவர் சுவாஹிலி பேசுகிறவர். ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகிலும் அது போதும், யாரோடும் பேசலாம் என்று தைரியமாக முன்னால் வந்தார். தங்கையிடம் மெதுவாக ஏதோ கேட்டார். பதில் இல்லை. வெயில் ஏறியது. அவள் சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இது என் பாஷை இல்லை என்றார். இன்னொருவர் சோமாலி. அவரைப் பேசச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் ஊருக்கும் மற்றவர் ஊருக்கும் நடுவில் எத்தனை நாள் பயணம் தெரியுமா, இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து எப்படி நினைத்தீர்கள் என்று கேட்டாராம்.

அப்பா திகைத்துப் போனார். "ஆப்பிரிக்காக்காரங்க எல்லாருக்கும் ஒரே பாஷை இல்லியா?" என்று மரைக்காயரிடம் கேட்டார். மரைக்காயர் அதை அப்படியே இந்துஸ்தானியில் கேட்டுவிட்டார். சுவாஹிலிக்காரர் சிரித்தார். இந்தக் கட்டடத்தில் எத்தனை பாஷை என்று திருப்பிக் கேட்டார். மரைக்காயர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேறு கப்பலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். யாவோ மொழிக்காரர் ஒருவர், மக்குவா மொழிக்காரர் ஒருவர், மூன்றாமவர் தன் மொழிக்குச் சொன்ன பெயர் என் நினைவில் நிற்கவில்லை. தங்களுக்குள் அவர்கள் சுவாஹிலியில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக என் தங்கையின் முன்னால் உட்கார்ந்து, அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒன்று நாக்கைச் சொடுக்கியது போல இருந்தது, ஒன்று பாட்டுப் போல இழுத்தது, ஒன்று தொண்டைக்குள்ளேயே முடிந்தது. ஒருவர் சொன்னது மற்ற இரண்டு பேருக்குப் புரியவில்லை. அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. தன் வேளை வந்ததும் தெருவைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உள்நாட்டுப் பேச்சு, கரையிலிருந்து வெகு தூரம் என்று மட்டும் சொன்னார்கள். போகும்போது அவளுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்கள். அதைப் பார்த்த பிறகு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. கோடாங்கி காலையிலேயே வந்துவிட்டார். அடுப்பில் தணல் போட்டு, மஞ்சள் கொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பா விடிகாலையில் போனவர் திரும்பவில்லை. வெயில் ஜன்னலை நெருங்கும் நேரத்தில் ஒரே ஒரு ஆளோடு வந்தார். கிழவர். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்பது வருடமாகக் கரி தள்ளியவர். அவருக்கு வர விருப்பமே இல்லையாம். தனக்கென்று பாஷை எதுவும் இல்லை, சுவாஹிலிதான், அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே என்று மறுத்திருக்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் ஊரிலிருந்து அடிமையாகப் பிடித்துக்கொண்டு வந்து பாய்மரக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், அதற்கு முன்னால் வீட்டில் அம்மா ஏதோ பேசுவாள், அதற்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது என்றாராம். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தணலைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். மரைக்காயர் சொன்னார்.

தங்கை போய் ஜன்னலில் உட்கார்ந்தாள். சொன்னாள். இருமினாள்.

கிழவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். அவள் இரண்டாவது முறை சொல்லி முடிக்கும் வரை அசையவில்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடியும் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை இருமப் போன தங்கை அப்படியே நிறுத்தினாள். திரும்பினாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக அந்த வேளையில் அவள் ஒரு மனிதரைப் பார்த்தாள். கட்டையிலிருந்து இறங்கி, நடந்து போய், அவர் முன்னால் நின்று பேசினாள். நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த அந்த வாக்கியம் இல்லை. வேறு சொற்கள், நிறைய. அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அவர்தான் திக்கினார். அவள் திக்கவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள்.

கோடாங்கி முன்னால் நகர்ந்தார். பேர் கேளு, ஊர் கேளு என்றார். கிழவர் அவரைக் கவனிக்கவில்லை. கடைசியில் மரைக்காயர் பக்கம் திரும்பி இந்துஸ்தானியில் கொஞ்சம் சொன்னார். மரைக்காயர் அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். "தெனம் மத்தியானம் இது சொல்றது இதானாம். 'அழுவாதே, வெயில் எறங்கட்டும், உங்க அண்ணன் வந்துருவான்.' அதுக்கப்புறம், 'இந்தா வந்துட்டான்.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லியாம்."

பிறகு கோடாங்கி தொடையில் தட்டினார். "நான் நெனச்சேன். இது தனியா வரல. அண்ணன்காரன் ஒருத்தன் பின்னால வரான். இது அவனுக்குத்தான் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு." மஞ்சள் கொம்பை எடுத்துத் தணலுக்குள் செருகினார். அண்ணன் வந்து சேருவதற்குள் போட்டுவிட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஆறு இடம் என்றார். அப்பா கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே யாரோ நிற்பது போலத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மஞ்சள் தீயும் வாடை வர ஆரம்பித்தது.

அப்பா தங்கையைத் தூக்கி மடியில் கிடத்தினார். அந்த அண்ணன் நான்தான் என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். கோடாங்கி இடுக்கியால் கொம்பைத் தூக்கினார். எப்படிப் போனேன் என்று தெரியாது, அவருக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நின்றிருந்தேன். முழங்காலில் தணலின் சூடு அடித்தது.

"அந்த அண்ணன் நான்தான்" என்றேன். இந்த முறை கத்திவிட்டேன் போல. தெலுங்குக்காரர் வீட்டுக் கதவு திறந்தது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மீன், வாசற்படி, கரி ஆடு, எல்லாம். கிழவருக்கு மரைக்காயர் சொல்லிக்கொண்டே வந்தார். கிழவர் தங்கையிடம் ஏதோ கேட்டார். அவள் அப்பாவின் மடியில் கிடந்தபடியே விரலை நீட்டி என்னைக் காட்டி, "இந்தா வந்துட்டான்" என்பதை அவர் மொழியில் சொன்னாள்.

எத்தனை நாள் என்று அப்பா கேட்டார். மழைக்காலம் முழுக்க என்றேன். அப்பா கையை ஓங்கவில்லை. அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. கோடாங்கிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளை சாவுக்குப் பிறகு ஏன் பேச வேண்டும், அதற்கு இந்தப் பையன் என்ன பதில் சொல்வான் என்று கேட்டுக்கொண்டே உடுக்கையைத் துணியில் கட்டினார்.

அம்மா மரைக்காயர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். "அந்த பாஷையில அம்மாவுக்கு என்னன்னு கேளுங்கண்ணே. அது எப்பவாச்சும் சொல்லிச்சான்னு கேளுங்க."

கேள்வி கிழவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தரையைப் பார்த்தபடி அந்தச் சொல்லைச் சொன்னார். சின்னச் சொல். தங்கை அவரைப் பார்த்தாள். அவளுக்கு அது புரியவில்லை. அந்த அறையில் படுத்திருந்தவர் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லுக்கு மட்டும் வேளை வந்ததில்லை போலிருக்கிறது. கிழவர் இன்னொரு முறை சொன்னார். மூன்றாவது முறை அதை அவளிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். அம்மா தங்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியானால் அதை நான் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாளே அம்மா பயறு கிட்டங்கிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மத்தியான வேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு பேசுவாள். தங்கை தன் மொழியில் ஏதாவது சொன்னால் அம்மா அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள். காதில் விழாதது போல இருந்துவிட்டு, அதே பொருளைத் தமிழில் காட்டிச் சொல்வாள். தை மாதத்துக்குள் தங்கை அம்மா என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. தெலுங்குக்காரர் வீட்டுச் சண்டையைக்கூட மொஹிங்கா அம்மாளிடம் பர்மிய மொழியில் சொல்லிவிட்டு வருவாள். கட்டடமே சந்தோஷப்பட்டது. அவள் ஜன்னலில் உட்காருவதும் நின்றுபோயிற்று.

கிழவர் அதன் பிறகு இரண்டு முறை வந்தார். அவருடைய கப்பல் சில மாதங்களுக்கு ஒரு முறை ரங்கூனுக்கு வரும். முதல் முறை வந்தபோது தங்கைக்கு அந்தப் பேச்சு பாதி நினைவிருந்தது. அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை அடுத்த மழைக்காலத்தில் வந்தார். ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு வந்திருந்தார். தங்கை அதை வாங்கிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனாள். அவர் பேசினார். அவள் சிரித்தாள். இன்னொன்று சொன்னார். "இந்தத் தாத்தா என்னமோ சொல்றாரும்மா" என்றாள். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் முழுவதையும் குடித்துவிட்டு, தங்கையின் தலையைத் தொட்டுவிட்டு எழுந்தார்.

கொண்டுபோய் விட்டு வா என்று அப்பா என்னை அனுப்பினார். படியில் பாதி இறங்கியதும் கிழவர் நின்று என் பக்கம் திரும்பினார். துறைமுக இந்துஸ்தானி அதற்குள் எனக்கும் கொஞ்சம் பழகியிருந்தது. உனக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும் என்றார்.

எனக்கு எல்லாமே நினைவிருந்தது. அந்த அறையில் படுத்திருந்தவர் சொல்லி மழைக்காலம் முழுவதும் போகும்போதும் வரும்போதும் கேட்டிருக்கிறேன், தங்கை சொல்லி மூன்று வாரம் கேட்டிருக்கிறேன். வாக்கியம் முழுவதும், இருமலோடு, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே அந்நிய மொழியில் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் சிரிப்பாரோ என்று தோன்றியது. இல்லை என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அவர் தெருவில் இறங்கிய பிறகு, ஆள் இல்லாத படியில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அவர் அப்போது மொஹிங்கா கடையைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். செத்துப்போன அந்த மனிதரைப் பற்றி ஏதோ தெரிந்துகொள்ள வருகிறார், அது எங்களிடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன். யாராவது தன்னிடம் அந்தப் பேச்சில் ஏதாவது பேச மாட்டார்களா என்றுதான் அவர் அவ்வளவு தூரம் வந்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.